சகுனியின் காய்களும் சட்டத்தின் கண்களும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

விளையாட்டு வினையாகும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த வினை நீதிமன்றத்துப் படியேறும் என்று அவர்களும் எண்ணியிருக்க மாட்டார்கள். 2017ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில், வட கரோலினாவிலுள்ள நீதிமன்றம் ஒன்றுக்கு ஒரு தாய் கடிதம் எழுதினார். அவருடைய மகனுக்கு வயது பதினான்கு. 'ஃபோர்ட்நைட்' என்னும் இணைய விளையாட்டில் ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்தினான், அதைப் படம் பிடித்து யூடியூபில் வெளியிட்டான் என்று சொல்லி, அந்த விளையாட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம் அவன்மீது வழக்குத் தொடுத்திருந்தது. என்ன வழக்கு? திருட்டா? மோசடியா? இரண்டும் இல்லை. பதிப்புரிமையை மீறினான் என்பதே முதன்மையான குற்றச்சாட்டு.

என் தம்பிக்கும் பதினான்கு வயதுதான். அவனால்தான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது. சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், இருபது நிமிடத்திற்கு மேல் ஒளிந்தும் ஓடியும் ஆடி, கடைசி மூன்று பேரில் ஒருவனாக நின்றான். அப்பாவின் கைப்பேசி அது. அவர் மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்து உறங்கும் நேரத்தில்தான் அது அவன் கைக்கு வரும். திடீரென்று கைப்பேசியைப் பாயில் எறிந்துவிட்டான். கண்ணில் நீர். "செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து சுட்டுட்டான்க்கா. ஹேக் போட்டிருக்கான்" என்றான். சற்று நேரம் கழித்து அவனே கேட்டான்: "போலீஸ்ல சொன்னா பிடிப்பாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தவறு என்று பிறகு தோன்றியது. அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஏமாற்றப்பட்டவன் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது கிடைத்தவற்றையும், அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் சட்டம் படிப்பவள் அல்லள். பிழையிருந்தால் பேராசிரியப் பெருமக்கள் திருத்துவார்களாக.

இந்த விளையாட்டுகளில் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஏமாற்று நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கெங்கோ இருக்கும் நூறு பேர் ஒரே களத்தில் மோதுகிறார்கள். களத்தின் கணக்கை வைத்திருப்பது நிறுவனத்தின் செர்வர். ஆயினும் திரையில் காட்சி தடங்கலின்றி ஓடவேண்டும் என்பதற்காக, எதிரிகள் நிற்கும் இடங்களும் ஆட்டக்காரரின் கருவிக்கு முன்கூட்டியே வந்து சேர்வதுண்டு. சுவருக்குப் பின்னால் நிற்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆனால் அவன் நிற்கும் இடம் கருவியின் நினைவகத்தில் எண்களாக இருக்கும். ஒருவகை ஏமாற்று மென்பொருள் அந்த எண்களைக் களவாகப் படித்துத் திரையில் வரைந்து காட்டுகிறது. இன்னொரு வகை, துப்பாக்கிக் குறியைத் தானே கொண்டுபோய் எதிரியின் தலைமீது நிறுத்துகிறது. மற்றொன்று ஆளே இல்லாமல் இரவெல்லாம் தானாக ஆடுகிறது. இவற்றைச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பால்காரருக்குக் கொடுப்பதுபோல் மாதச் சந்தா வாங்குகிறவர்களும் உண்டு.

'விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று சிலர் கேட்கலாம். 2019இல் நியூயார்க்கில் நடந்த ஃபோர்ட்நைட் உலகக் கோப்பையில் தனிநபர் பிரிவில் வென்ற பதினாறு வயதுப் பையனுக்குக் கிடைத்த பரிசு 30 லட்சம் டாலர். 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கமே வழங்கினார்கள். பரிசும் பதக்கமும் இல்லாவிட்டாலும், என் தம்பியின் இருபது நிமிட உழைப்பு அவனுக்குப் பெரிதுதான்.

இனி வழக்குகளுக்கு வருவோம். இவற்றுள் புகழ்பெற்றது 'கிளைடர்' வழக்கு. பிளிசார்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 2004இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் அரக்கர்களைக் கொன்று கொன்று படிப்படியாக மேலே ஏற வேண்டும். பல வாரங்கள் பிடிக்கும் வேலை. அரிசோனா மாநிலத்தில் தனியொருவர் நடத்திய எம்.டி.ஒய். என்னும் சிறு நிறுவனம், அந்த வேலையை ஆளில்லாமல் செய்து முடிக்கும் 'கிளைடர்' என்ற மென்பொருளை 2005இல் விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிளிசார்ட் 'வார்டன்' என்னும் காவல் மென்பொருளைக் களத்தில் இறக்கியது. கிளைடர் காவற்காரன் கண்ணில் மண்ணைத் தூவும்படி மாற்றியமைக்கப்பட்டது. 2008 செப்டம்பருக்குள் அது 1,20,000 பேருக்கு விற்று 35 லட்சம் டாலர் வருவாய் ஈட்டிவிட்டது என்று நீதிமன்ற ஏடுகள் கூறுகின்றன.

பிளிசார்ட் வைத்த வாதம்தான் வேடிக்கையானது. விளையாட்டை ஓட்டும்போது அதன் பிரதி ஒன்று கணிப்பொறியின் நினைவகத்தில் உண்டாகிறது. அந்தப் பிரதியை உண்டாக்க ஆட்டக்காரருக்கு நாங்கள் கொடுத்த அனுமதி நிபந்தனைக்கு உட்பட்டது. தானியங்கியை வைத்து ஆடினால் அனுமதி போய்விடுகிறது. அனுமதி போனபின் நினைவகத்தில் இருப்பது திருட்டுப் பிரதி. ஆகவே ஆட்டக்காரர் பதிப்புரிமையை மீறுகிறார், கிளைடர் விற்றவர் அதற்கு உடந்தை என்பது அந்த வாதம். 2008இல் கீழ்நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு விதியையும் மீறுவது பதிப்புரிமை மீறல் ஆகிவிடாது, அப்படி ஆக்கினால் ஒரு நிறுவனம் தனக்குப் பிடிக்காத எதையும் பதிப்புரிமைக் குற்றம் என்று சொல்லிவிடலாம் என்று நீதிபதிகள் கண்டார்கள். ஆனால் வார்டன் என்னும் பூட்டை உடைக்கும் கருவியை விற்றது குற்றம் என்றார்கள். 1998ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, பதிப்புரிமை பெற்ற ஒன்றைக் காக்கும் மின்னணுப் பூட்டை உடைக்கும் கருவியை விற்கக்கூடாது.

இதைப் படித்தபோது எனக்கு நம் தேர்வு அறைதான் நினைவுக்கு வந்தது. ஒருவன் துண்டுச்சீட்டைப் பார்த்து எழுதிப் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வினாத்தாளின் பதிப்புரிமையை மீறிவிட்டான் என்று பல்கலைக்கழகம் அவன்மேல் வழக்குப் போடுமா? போட்டால் நாம் சிரிக்க மாட்டோமா? அவன் செய்த குற்றம் பக்கத்து பெஞ்சில் விழித்திருந்து படித்துவிட்டு வந்து எழுதுகிறவளுக்கு எதிரான குற்றம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் பணமும் இல்லை, பரிந்துரைக்க ஆளும் இல்லை. மதிப்பெண் ஒன்றுதான் உண்டு. ஆட்டம் நேர்மையாக நடக்கவேண்டும் என்பது வேறு வழியில்லாதவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. இணைய விளையாட்டு வழக்குகளிலோ அந்தப் பக்கத்து பெஞ்சுக்காரியைக் காணவே காணோம். வழக்குத் தொடுப்பது நிறுவனம். நட்டஈடு போவதும் நிறுவனத்திற்கே. ஏமாந்த ஆட்டக்காரர்கள் வரும் இடம் ஒன்றே: 'ஏமாற்று பெருகியதால் ஆட்டக்காரர்கள் விலகிப் போகிறார்கள், எங்கள் வருவாய் குறைகிறது' என்று நிறுவனம் நட்டக் கணக்கு ஒப்பிக்கும் இடம்.

கணக்கு என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மேலே சொன்ன பூட்டுடைப்புச் சட்டத்தில், ஒவ்வொரு செயலுக்கும் குறைந்தது 200 டாலர், மிகுதியாக 2,500 டாலர் என்று நட்டஈட்டு அளவு குறித்திருக்கிறார்கள். உண்மையில் எவ்வளவு நட்டம் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரைச் சேர்ந்த பாஸ்லாண்ட் என்னும் நிறுவனத்தின்மேல் பிளிசார்ட் தொடுத்த வழக்கில், 2017 ஏப்ரலில் கலிபோர்னியா நீதிமன்றம் விதித்த தொகை 85,63,600 டாலர். இதை 200ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 42,818 வருகிறது. விற்ற எண்ணிக்கையைப் பெருக்கியதுதான் தீர்ப்பு. 2024 மே மாதம் ஆக்டிவிஷன் நிறுவனம் 'கால் ஆஃப் டியூட்டி' விளையாட்டுக்காக எஞ்சின்ஓனிங் என்னும் ஏமாற்று மென்பொருள்காரர்களிடம் பெற்ற தீர்ப்பு 1,44,65,600 டாலர். இதுவும் 72,328ஐ 200ஆல் பெருக்கியதே. இரண்டு வழக்கிலும் எதிர்த்தரப்பார் வழக்காட நிற்கவில்லை. நீதிபதி பெருக்கிப் பார்த்துக் கையெழுத்திட்டார் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. கலிபோர்னியாவில் எழுதிய தீர்ப்பைக் கடல் கடந்து எடுத்துப்போய்ப் பணமாக மாற்றுவது எளிதான செயலா என்பது வேறு கேள்வி.

எதிர்த்தரப்பு நின்று வழக்காடியபோது நடந்ததைப் பாருங்கள். 'டெஸ்டினி 2' விளையாட்டை உருவாக்கிய பங்கி நிறுவனம், எய்ம்ஜங்கீஸ் என்ற பெயரில் ஏமாற்று மென்பொருள் விற்றவர்கள்மேல் 2021இல் சியாட்டில் நகரில் வழக்குத் தொடுத்தது. பூட்டுடைப்புப் பகுதி மத்தியஸ்தரிடம் போயிற்று. 2023இல் அவர் செயல் ஒன்றுக்கு 2,500 டாலர் என்ற உச்ச அளவைக் கொண்டு கணக்கிட்டு, செலவுத் தொகையும் சேர்த்து 43 லட்சம் டாலருக்குமேல் கொடுக்கச் சொன்னார். பதிப்புரிமைப் பகுதி ஜூரிகளிடம் போயிற்று. சாதாரணக் குடிமக்கள் உட்கார்ந்து இருதரப்பையும் கேட்டார்கள். 2024 மே மாதத்தில், பதிப்புரிமை மீறல் நடந்தது உண்மையே என்று சொல்லிவிட்டு அவர்கள் விதித்த நட்டஈடு 63,210 டாலர். ஒரே மென்பொருள், ஒரே விற்பனை. ஓரிடத்தில் 43 லட்சம், மற்றோரிடத்தில் 63 ஆயிரம். சட்டத்தின் இரண்டு பிரிவுகள் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே பொருளை இரண்டு தராசில் நிறுத்து, எடைகள் அறுபது எழுபது மடங்கு வேறுபட்டால், நிறுக்கப்படும் பொருள் எது என்று முதலில் கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

நிறுக்க வேண்டியது சக ஆட்டக்காரருக்குச் செய்த வஞ்சகம். அதற்குத் தராசே இல்லாததால் கைக்கு எட்டிய பதிப்புரிமைத் தராசில் தூக்கி வைக்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

அதனால் என்ன கெட்டது, எந்தச் சட்டத்தால் பிடித்தால் என்ன, கள்ளன் பிடிபட்டால் போதாதா என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி வாதிட்டாள். போதாது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். பதிப்புரிமைத் தராசில், வஞ்சித்தவனும் தனியே உட்கார்ந்து பொழுதுபோக்குகிறவனும் ஒரே எடையாகிவிடக்கூடும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த 'கேம் ஜீனி' என்னும் சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டிக்கும் அதன் கேட்ரிட்ஜுக்கும் நடுவே செருகினால் ஆட்டக்காரருக்குக் கூடுதல் உயிர்கள் கிடைக்கும். வீட்டுக் கூடத்தில் ஆடும் ஆட்டம். ஏமாறுகிற சக ஆட்டக்காரர் என்று களத்தில் எவரும் இல்லை. அதற்கும் நின்டெண்டோ பதிப்புரிமை வழக்கு நடத்தி ஓராண்டுக்கு விற்பனையை நிறுத்தி வைத்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் மீறல் இல்லை என்றது. தடையால் நேர்ந்த நட்டத்திற்காக நின்டெண்டோ ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது.

ஐரோப்பாவில் இதே கேள்வி பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் நீதிமன்றங்களில் அலைந்தது. சோனி நிறுவனத்தின் கைவிளையாட்டுப் பெட்டியில் 'மோட்டார்ஸ்டார்ம்' என்று ஒரு பந்தயம். அதில் வண்டியை அதிவேகமாக விரட்டும் 'டர்போ' ஓர் அளவோடுதான் கிடைக்கும். டேட்டல் என்னும் நிறுவனத்தின் மென்பொருள் அதை அளவில்லாமல் கிடைக்கச் செய்தது. விளையாட்டின் நிரலில் ஓர் எழுத்தையும் அது மாற்றவில்லை. ஓடும்போது நினைவகத்தில் எழுதப்படும் மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றியது. கணிதம் படிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். சமன்பாடு அப்படியே இருக்கிறது. X-க்குக் கொடுக்கும் மதிப்புதான் வேறு. ஹாம்பர்க் நீதிமன்றம் 2012இல் ஓரளவு சோனியின் பக்கம் சாய்ந்தது. 2021இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. 2024 அக்டோபர் 17ஆம் நாள் அந்த நீதிமன்றம், நிரலை மாற்றாமல் நினைவகத்தின் மாறிகளை மட்டும் மாற்றுவது, கணிப்பொறி நிரல்களுக்கான பதிப்புரிமைப் பாதுகாப்புக்குள் வராது என்று முடிவு கூறியது. 

இந்தத் தீர்ப்பு எனக்கு மகிழ்ச்சி தந்தது. தன் வீட்டுத் திண்ணையில் தனியாக இரண்டு கையாலும் பல்லாங்குழி ஆடுகிறவள், ஒரு குழியில் ஒரு புளியங்கொட்டை கூடப் போட்டால் யாருக்கு என்ன நட்டம்? பல்லாங்குழி செய்த தச்சர் வந்து வழக்குப் போட முடியுமா? எதிரே இன்னொருத்தி உட்கார்ந்திருக்கும்போது அதையே செய்தால் அது வஞ்சகம். இரண்டுக்கும் வேறுபாடு புளியங்கொட்டையில் இல்லை. எதிரே ஆள் இருப்பதில் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் புளியங்கொட்டையையே எண்ணிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பியத் தீர்ப்பால் அங்கே இனி எதிரே ஆளை வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவனும் அதே வாதத்தைச் சொல்லித் தப்பப் பார்ப்பான். அது அந்தத் தீர்ப்பின் குறை அன்று. பொருந்தாத சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வந்த விளைவு.

மகாபாரதத்துச் சூதாட்ட மண்டபத்தை நாம் தெருக்கூத்தில் பார்த்திருக்கிறோம். சகுனி உருட்டிய காய் கள்ளக் காய் என்று கூத்துப் பார்க்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த அவையில் நடந்த விவாதம் என்ன? தன்னைத் தோற்றவன் தன் மனைவியைப் பணயம் வைக்கலாமா என்று பாஞ்சாலி கேட்டாள். பெரியவர்கள் உரிமையைப் பற்றியும் உடைமையைப் பற்றியும் நுட்பமாகப் பேசினார்கள், அல்லது பேசாதிருந்தார்கள். காயை எடுத்துப் பார்க்க எவரும் கை நீட்டவில்லை. இந்த இணைய வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்டபம்தான் கண்முன் வருகிறது. விளையாட்டு யாருக்கு உடைமை என்பதைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. தோற்றவர் நிலை என்ன என்பதற்கு ஒரு பக்கம் இல்லை.

நிறுவனத்தார் வழக்கு நடத்தாவிட்டால் வேறு யார் நடத்துவார்கள் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. என் தம்பியால் வழக்கறிஞர் வைக்க முடியுமா? ஏமாற்று மென்பொருள் விற்றுப் பிழைப்பவர்கள் ஏதோ பெரு நிறுவனத்தை எதிர்த்து நிற்கும் எளியவர்கள் என்று அனுதாபம் காட்டுவோரும் உண்டு. எனக்கு அந்த அனுதாபம் இல்லை. ஒருவனது தோல்வியை இன்னொருவனுக்கு விலைக்கு விற்கிறவர்கள் அவர்கள். அவர்களைத் தடுப்பது சரியே. எந்தப் பெயரைச் சொல்லித் தடுப்பது, தடுக்கும் அதிகாரத்தை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் என் வேறுபாடு. அதிகாரம் முழுவதும் நிறுவனத்தின் கையில் இருந்தால் அது எங்கே போய் நிற்கும்? 2020இல் ரயட் நிறுவனம் 'வலோரன்ட்' விளையாட்டோடு கொண்டுவந்த 'வான்கார்ட்' என்னும் காவல் மென்பொருள், கணிப்பொறியைத் திறந்த கணத்திலிருந்தே, ஆட்டம் ஆடாதபோதும், இயங்குதளத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கும்படி அமைக்கப்பட்டது. நெல்லுக்குக் காவல் வைத்தவன் வீட்டுப் பெட்டிச் சாவியையும் வாங்கி வைத்துக்கொள்வதை ஒத்த செயல் இது.

வேறு வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. தென்கொரியா 2016இன் இறுதியில் தன் விளையாட்டுத் தொழில் சட்டத்தைத் திருத்தியது. விளையாட்டை நடத்துவோரின் அனுமதியின்றி அதன் இயல்பான போக்கைக் குலைக்கும் மென்பொருளைச் செய்வதும் பரப்புவதும் தனிக் குற்றம் என்றது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. அங்கே நினைவகப் பிரதி, பூட்டு என்ற சுற்றுவழி எதுவும் வேண்டியதில்லை. குற்றத்தை அதன் பெயரால் அழைக்கிறார்கள். பிடிப்பது செய்து விற்பவனை. சீனாவிலோ காவல்துறையே இறங்குகிறது. 2018இல் 'பப்ஜி' விளையாட்டுக்கான ஏமாற்று மென்பொருள் தொடர்பாகப் பதினைந்து பேர் கைதாயினர். விளையாட்டில் ஏமாற்றியதற்கெல்லாம் கைவிலங்கு மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கொரியர்களின் வழியிலும் ஒரு குறை உண்டு; அங்கேயும் ஏமாந்த ஆட்டக்காரருக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆனாலும் திசை சரியானது.

நீதிமன்றமே இல்லாமல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அது நம் நாட்டைத் தொட்டது. 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் 'கவுன்டர் ஸ்டிரைக்' போட்டி. இந்தியாவிலிருந்து ஓர் அணி போயிருந்தது. நடுவர்கள் ஓர் இந்திய ஆட்டக்காரரின் கணிப்பொறியைச் சோதிக்க வந்தார்கள். கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள்போல் 'வேர்ட்' என்று பெயர் சூட்டிய ஏமாற்று மென்பொருள் அதில் இருந்தது. அணி அன்றே போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை. பிற நான்கு பேரின் அணியும் கலைக்கப்பட்டது. அந்த நால்வரைப் பற்றித்தான் நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்றோரிடம் வாதாடி, படிப்பை விட்டோ ஒத்திப்போட்டோ இப்படிப் போகிற பிள்ளைகள் நம் நாட்டில் எத்தனை பேர்? அவர்களுக்கு நேர்ந்த இழப்பை எந்தச் சட்டப் பிரிவின் கீழ் எழுதுவது?

நம் நாட்டுச் சட்டத்தில் எழுத இடமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65-ஏ பிரிவு மின்னணுப் பூட்டை உடைப்பதற்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். ஆட்டத்தில் ஏமாற்றுகிறவன் நோக்கம் அதுவன்று. அவனுக்கு வேண்டியது வெற்றி. அமெரிக்கச் சட்டத்தைவிட இது அறிவோடு எழுதப்பட்டிருக்கிறது என்பேன். அதே காரணத்தால் ஏமாற்று மென்பொருளைப் பிடிக்க இது உதவாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தது. மின்விளையாட்டைப் போட்டி விளையாட்டாக ஏற்றது. ஏற்றுக்கொண்ட விளையாட்டில் வஞ்சகம் நடந்தால், வஞ்சிக்கப்பட்ட ஆட்டக்காரர் தம் பெயரால் முறையிட்டு, தடையையும் நட்டஈட்டையும் கேட்கும் உரிமையையும் எழுதிவைக்க வேண்டும். நிறுவனம் தன் வழக்கைத் தனியே நடத்திக்கொள்ளட்டும்.

அந்தப் பதினான்கு வயதுப் பையனின் தாயிடம் திரும்புகிறேன். எபிக் நிறுவனத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. யூடியூபிலிருந்து படத்தை நீக்கச் சொன்னபோது பையன் முறைப்படி மறுப்புத் தெரிவித்தான். அதன்பின் வழக்குப் போடாவிட்டால் படம் மீண்டும் வந்துவிடும் என்பது அமெரிக்கச் சட்டம். தாயின் கடிதம் சொன்னது எளிமையானது: ஒப்பந்தத்திற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நான் சம்மதிக்கவில்லை, இலவச விளையாட்டில் உங்களுக்கு நேர்ந்த நட்டம் என்ன, என் மகனைப் பலியாடாக்குகிறீர்கள். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே தள்ளுபடி மனுவாக எடுத்துக்கொண்டு, 2018 ஜூலையில் அதை ஏற்க மறுத்தது. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வயது வராதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்தால் அது செல்லாது என்று 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பையன் செய்தது தவறு. அவனால் தோற்றவர்களும் என் தம்பியைப் போல அழுதிருப்பார்கள். ஆயினும் அவனுக்கு வேண்டியது ஓர் ஆண்டுத் தடையும் ஓர் ஆசிரியரின் கண்டிப்பும். பதிப்புரிமைக் குற்றவாளி என்று நீதிமன்றத்தில் நிறுத்துவது எதற்கு?

கல்லூரியில் சேர்ந்தபோது என் அம்மா எட்டு இடங்களில் கையெழுத்துப் போட்டார். முதியோர் கல்வியில் கற்ற கையெழுத்து. "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார். "எல்லாம் வழக்கமானதுதாம்மா" என்றேன். நானும் படித்திருக்கவில்லை.

அந்த நினைவில், இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய இரவு, தம்பி ஆடும் விளையாட்டின் ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் திறந்தேன். முழுவதும் ஆங்கிலம். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அம்மா அருகில் வந்து உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பல இடங்களில் தடுமாறினேன். நாம் என்னென்ன செய்யக்கூடாது என்று நீளமாக இருந்தது. நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் நம் கணக்கை முடக்கலாம் என்று இருந்தது. "ஹேக்கர் வந்தா நாம என்ன செய்யலாம்னு போட்டிருக்காக்கா?" என்று தம்பி கேட்டான். தேடினேன். புகார் செய்ய ஒரு பொத்தான் இருப்பதாகப் போட்டிருந்தது. அதை அவன் அன்றைக்கே அழுத்தியிருந்தான்.